தலைவர் பேருக்கு என்ன சைஸ்?

சுகிர்தம் கோபப்பட்டால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள். பிறகு கைப்பையைப் பட்டென்று மூடுவாள். மூன்றாவதாக என்ன செய்வாள் என்பது அவளுடைய அசிஸ்டெண்ட் ஒச்சாண்டிக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது முடிந்ததுமே ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவது அவன் வழக்கம். வீரம் வேறு, விவரம் வேறு என்பது அவன் கட்சி.

அன்றைக்கு ஜீப்பும் அவனுக்கு அடைக்கலம் தரவில்லை. பின் சீட்டில் பாண்டியம்மாள் இருந்தாள். அழாமல் இருந்தாள். அழுகிறவர்களைச் சமாளிக்க ஒச்சாண்டிக்குத் தெரியும், சேர்ந்து அழுதுவிடுவான். அழாதவர்களிடம் என்ன செய்வதென்றுதான் அவனுக்குத் தெரியாது.

"சாயங்காலம் மதுரைக்குக் கொண்டு போயிருவாகளாம்க்கா. செயிலுக்கு" என்றாள் பாண்டியம்மாள். அவள் புருசன் சுருளியாண்டி ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தான். மந்தைக்குளம் ஊர்க்கிணற்றில் திராட்சைக்கு அடிக்கிற மருந்தை ஊற்றினான் என்பது குற்றச்சாட்டு. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஒரு வார்டு நிறைய ஆட்கள் படுத்திருந்தார்கள்.

"உம் புருசன் அந்தக் கிணத்துக்கு எதுக்கும்மா போனான்?" என்று சுகிர்தம் மறுபடியும் கேட்டாள். பதில் தெரிந்த கேள்வியையே திருப்பிக் கேட்பது அவள் தொழில். துப்பறிகிறவளாவதற்கு முன்னால் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். நீதிபதியையே எதிர்த்துப் பேசி வேலையை விட்டவள்.

"எங்க ஊசிக்கரட்டுக் கிணத்துல மருந்து கலந்திருக்கு, குடிக்காதீகன்னு திராட்சைச் சங்கத்துல போர்டு வச்சிட்டாக. மந்தைக்குளத்துல நல்ல தண்ணின்னு அதே போர்டுல போட்டிருக்கு. குடத்தோட போனா வெரட்டுறாக. அதான் விடியிறதுக்குள்ள ஒரு காலி மருந்துத் தகர டின்னைக் கழுவி எடுத்துட்டுப் போனாரு. அதையும் புடுங்கிக்கிட்டு அடிச்சு வெரட்டுனாக. இப்ப அந்தத் தகரம்தான் சாட்சியாம்."

"அப்புறம் என்ன தண்ணி குடிச்சீக?"

"வேற என்னத்தக் குடிக்க? சாவுறதுன்னா சாவோம்னு எங்க கிணத்துத் தண்ணியத்தான்."

"வயித்துவலி, வாந்தி?"

"ஒண்ணுமில்ல."

சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றினாள். "கேட்டியா ஒச்சு? விஷக் கிணறுன்னு போர்டு போட்ட தண்ணியைக் குடிச்சவுக இங்கன கல்லு மாதிரி உக்காந்திருக்காக. நல்ல கிணறுன்னு போட்டதைக் குடிச்சவுக ஆஸ்பத்திரியில. சந்தேகம் யார் மேல வரணும்?"

"கிணத்து மேல."

"போர்டு மேலடா!"

கைப்பை பட்டென்று மூடியது. ஒச்சாண்டி கம்பத்தை நோக்கி ஜீப்பை விட்டான்.

*

கம்பம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், வாழைத்தார் லாரிகள் நிற்கும் சந்தில் இருந்தது பக்கீர் முகம்மதுவின் கடை. கேரளா எஸ்டேட்டுகளுக்குப் போகும் ஜீப்புகளுக்கெல்லாம் அவர்தான் நம்பர் எழுதுகிறவர். ஒச்சாண்டி ஒருகாலத்தில் ஓட்டிய ஜீப்புக்கு 'மெதுவாகச் செல்' என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அதை எழுதிய மறுநாளே ஒச்சாண்டி குமுளி வளைவில் கவிழ்ந்தான். அதில் பெயிண்டருடைய தப்பு எதுவுமில்லை.

"மந்தைக்குளம் விலக்குல நிக்கிற போர்டு உங்க வேலைதானே?" என்றாள் சுகிர்தம்.

பக்கீர் முகம்மதுவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீகளா? எப்படி வந்திருக்கு! தலைவர் நல்லகண்ணு பேருக்கு ஒரு சாண் எழுத்து. துணைத்தலைவருக்கும் அதே. செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரு நூல் பிசகல. இந்த ஊர்ல எழுத்து சைஸ் லேசுப்பட்ட காரியமில்லீங்க. ஒரு கல்யாண போர்டுல மாமனை விட சித்தப்பா அரை விரக்கடை பெருசாப் போனாருன்னு என்னை ஏணியோட சேத்துத் தள்ளிவிட்டாக. இந்தா பாருங்க, முழங்கையில தழும்பு."

"கிணத்துப் பேரெல்லாம் எந்த சைஸ்?"

"அது..." பெயிண்டர் முழங்கையை இறக்கினார். "மிச்சமிருந்த எடத்துல எழுதுனேன்."

"மிச்சமிருந்த எடத்துல" என்று சுகிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள். "ஊர் சனம் எந்தத் தண்ணியைக் குடிக்கணும்ங்கிறது மிச்ச எடத்துல."

"நானா என்னம்மா எழுதினேன்? தேனியில கம்ப்யூட்டர்ல அடிச்ச படத்தைக் குடுத்தாக. இங்கிலீஷ்ல இருந்துச்சு. தமிழ்ல தகரத்துல ஏத்தினேன்."

பச்சை பெயிண்ட் டப்பாவுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவினார். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்த நீளமான கம்ப்யூட்டர் தாள். உச்சியில் சங்கத்தின் பெயர், குண்டு குண்டான எழுத்தில். அதன் கீழே ஐந்து பேரின் பெயர், அதே குண்டு. அப்புறம் வரிசையாக ஆறு தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு கிணறு. தண்ணீரில் எவ்வளவு மருந்து இருக்கிறதோ அவ்வளவு உயரம். குறுக்கே ஒரு கோடு. அதைத் தாண்டினால் குடிக்கக்கூடாது. ஒரே ஒரு தூண்தான் தாண்டியிருந்தது, இடமிருந்து இரண்டாவது.

தூண்களுக்குக் கீழே ஊர்ப்பெயர்கள். அங்கேதான் சுகிர்தத்தின் விரல் நின்றது. ஆறு பெயரும் ஒரே வரிசையில் இல்லை. மேல் வரியில் மூன்று, கீழ் வரியில் மூன்று. ஒவ்வொரு பெயரும் இரண்டு தூண் அகலத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"ரெண்டு தூணுக்கு அடியில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு பேரு இருக்கு. எது எந்தத் தூணோடதுன்னு எப்படிப் பிரிச்சீக?"

"எடம் பத்தலைன்னா நாங்களும் இப்படித்தானே அடுக்குவோம்? மேல இருக்கது இடப்பக்கத்துத் தூணுக்கு, கீழ இருக்கது வலப்பக்கத்துத் தூணுக்கு. பாருங்க, மொதத் தூணுக்கு மேல் வரியில இருக்க பேரு. ரெண்டாவது தூணுக்குக் கீழ் வரியில இருக்க ஊசிக்கரடு. அதான் நெட்டைத் தூணு."

"யாரையும் கேக்கலியா?"

"கேக்கலாம்னுதான் தலைவர் வீட்டுக்கே போனேன். அவுக முந்திக்கிட்டு, 'என் பேரு சரியா இருக்கா'ன்னாக. இருக்குன்னேன். கார்ல ஏறிப் போயிட்டாக."

ஒச்சாண்டி சத்தமில்லாமல் ஜீப்புக்கு நடந்தான். சுகிர்தம் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

*

தேனி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏசி இருந்ததால் கோயிலுக்குரிய மரியாதை. ஒச்சாண்டியின் சாக்ஸில் கட்டைவிரல் முழுசாக வெளியே வந்து எல்லாரையும் வேடிக்கை பார்த்தது.

படத்தைப் போட்டவள் லத்திபா, உத்தமபாளையத்துப் பெண். தாளைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டியது. "இது பழைய பிரிண்ட்டாச்சே. இதை ஏன் வச்சிருக்கீக?"

"பழசோ புதுசோ, இதுல பேரெல்லாம் ஏன் ரெண்டு வரியில நிக்குது? அதை மொதல்ல சொல்லு" என்றாள் சுகிர்தம்.

லத்திபா கீபோர்டில் தட்டினாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் புரோகிராம் ஓடி நின்றது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நம்பர்.

"இந்த வரி, பிரிண்டர்கிட்ட 'எழுத்தை ரெண்டு பங்கு அகலமா அடி'ன்னு சொல்லுது. 'போதும்'னு இன்னொரு வரியில சொல்ற வரைக்கும் அது பாட்டுக்குப் பெருசாவே அடிச்சுக்கிட்டு இருக்கும். தானா நிறுத்தாது."

"எங்க மாமனார் பேசுற மாதிரி" என்றான் ஒச்சாண்டி.

"ஒச்சு."

"சும்மா இருக்கேங்க்கா."

"தூணெல்லாம் புள்ளி புள்ளியா வரையிற படம். எழுத்து சைஸ் அதைத் தொடாது. அதனால தூணு சரியாத்தான் வந்துச்சு. ஊர்ப்பேரு எழுத்து. 'போதும்'ங்கிற வரி அதுக்கும் கீழ இருந்ததால ஊர்ப்பேரும் பெருத்துப் போச்சு. அகலம் ரெண்டு பங்காச்சா, மூணு பேர்லயே தாளு நிறைஞ்சிருச்சு. மிச்சம் மூணும் அடுத்த வரிக்குத் தாவிருச்சு."

ஒச்சாண்டி கட்டைவிரலைப் பார்த்தபடி யோசித்தான். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிய அனுபவம் கைகொடுத்தது. "ஆறு சீட்டு, ஆறு பேரு. ஒல்லியா இருந்தா ஆளுக்கொரு சீட்டு. அத்தனை பேரும் என்னை மாதிரி ரெண்டு மடங்கு ஊதிட்டா, மொத மூணு பேர்லயே பெஞ்சி நிறைஞ்சிரும். மிச்ச மூணு பேரு பின்னாடி பெஞ்சி. அப்ப ரெண்டாவது சீட்டுக்குப் பின்னாடி உக்காந்திருக்கவன் நாலாவது ஆளு. ஆனா ரெண்டாவது சீட்டுக்கு டிக்கெட் எடுத்தவன் அவனில்ல!"

"ரெண்டாவது டிக்கெட் யாரு லத்திபா?" என்றாள் சுகிர்தம்.

லத்திபா திரையில் விரலை வைத்தாள். பெயர்கள் வரிசையாக இருந்தன. இரண்டாவது மந்தைக்குளம். நாலாவது ஊசிக்கரடு.

பாண்டியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். செருப்பே இல்லாத கால், ஆனாலும் உள்ளே வரவில்லை. "அப்ப எங்க தண்ணி நல்ல தண்ணியா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"நல்ல தண்ணிதான்மா" என்றாள் லத்திபா.

"அந்த 'போதும்' எப்படி அவ்வளவு கீழ போச்சு?" சுகிர்தத்தின் குரல் ஏறியது.

"மொதல்ல சங்கத்துப் பேரு மட்டும்தான் பெருசு. 'போதும்' அதுக்கு அடுத்த வரியிலயே இருந்துச்சு. தலைவர் வந்தாக, 'என் பேரு கொசு மாதிரி இருக்கு'ன்னாக. 'போதும்'மை ஒரு படி கீழ இறக்கினேன். மறுநாள் துணைத்தலைவர் வந்தாக, 'அவருக்கு மட்டும் பெருசா'ன்னாக. இன்னொரு படி. அப்புறம் செயலாளர். அப்புறம் துணைச் செயலாளர். ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து, 'நான் சொன்னேன்னு சொல்லாத'ன்னாக. கடைசியில பொருளாளர் வந்தப்ப எரிச்சல்ல அந்த வரியோட நம்பரை மாத்திப் போட்டுட்டேன். ஊர்ப்பேருக்கும் கீழ போயிருச்சு. பிரிண்ட் வந்ததும் அவுக பேரை மட்டும் பாத்துட்டுச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாக. நானும் கீழ பாக்கல. தப்பு என்னுது."

"இந்தப் பள்ளத்தாக்குல தப்பு என்னுதுன்னு சொன்ன மொத ஆள் நீதான்" என்றாள் சுகிர்தம். "இதை அப்படியே இன்ஸ்பெக்டர்கிட்ட வந்து சொல்லுவியா?"

"சொல்றேன். ஆனா நான் ஏற்கெனவே சொல்லிட்டேனேக்கா."

"யார்கிட்ட?"

"தலைவர்கிட்டத்தான். இதே புரோகிராமை வச்சு வேற ஒரு கடைக்குப் படம் போட்டப்ப பேரு ரெண்டு வரியா வந்துச்சு. அப்பத்தான் பொறி தட்டுச்சு. அன்னைக்கே சரியான பிரிண்ட் எடுத்துக்கிட்டு அவுக கமிஷன் கடைக்கு ஓடினேன். 'உங்க ஊர்க் கிணறுதான் மோசம், போர்டை மாத்துங்க'ன்னு சொன்னேன். 'நல்ல நேரத்துல சொன்னியேம்மா, இன்னைக்கே மாத்திருறேன்'னு ஒரு கூடை திராட்சை குடுத்து அனுப்புனாக. வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தி."

மந்தைக்குளத்துப் பிள்ளைகள் வாந்தியெடுத்தது திருவிழா முடிந்து.

சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றவில்லை. பையை மூடவில்லை. அப்படியே நின்றாள். ஒச்சாண்டிக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"போர்டு மாறலம்மா" என்றான் மெதுவாக. "இன்னும் அப்படியே நிக்குது."

"மாத்தலியா?" லத்திபா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "யாரோ மருந்து ஊத்துனாகன்னு சொன்னதை நானும் நம்பிட்டேனே! அந்தத் திராட்சையை எங்க வீட்ல எல்லாரும் தின்னோம்க்கா!" சரியான பிரிண்டை எடுத்துக்கொண்டு, திரையை அணைக்காமலே துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள். செருப்பை ஜீப்புக்குப் பக்கத்தில் வந்துதான் மாட்டினாள்.

*

ஜீப் வீரபாண்டியைத் தாண்டியது. பிறகு சுகிர்தம் திரும்பிப் பார்த்தாள்.

"பாண்டியம்மா, உங்க கிணத்துல வெளியாள் யாராவது தண்ணி எடுக்குறாகளா?"

"எங்க விஷக் கிணத்துக்கு யாரு வருவா? தலைவர் வீட்டுப் பீப்பா வண்டி மட்டும் காலையில வரும். தோட்டத்துக்கு அடிக்கன்னு சொன்னாக."

"எப்ப இருந்து?"

"திருவிழாவுக்கு முந்தி இருந்து."

"பீப்பா தொறந்து கெடக்குமா?"

"இல்லக்கா. வெள்ளைத் துணி போட்டு இழுத்துக் கட்டியிருப்பாக."

"திராட்சைக் கொடி வடிகட்டின தண்ணி கேக்குதாக்கும்" என்றான் ஒச்சாண்டி. சொன்ன பிறகுதான், துணி கட்டுவது குடிக்கிற தண்ணீருக்கு என்பது அவனுக்கே உறைத்தது. ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான். ஹாரன் அலறி, முன்னால் போன ஆட்டு மந்தை சிதறியது.

நல்லகண்ணுவின் திராட்சைத் தோட்டம் மந்தைக்குளம் ஊர்க்கிணற்றுக்கு மேட்டில் இருந்தது. அவர் மருந்து கலக்கும் தொட்டி கிணற்றுக்கு நேர் மேலே. சரியான படம் வெளியே வந்தால் எல்லாக் கண்ணும் அந்தத் தொட்டியைத்தான் பார்க்கும். தப்பான படமென்றால் ஊசிக்கரட்டைப் பார்க்கும்.

"இப்ப கிணத்தை எறைச்சுச் சுத்தம் பண்ணியாச்சாம். இன்னைக்குச் சாயங்காலம் தொறப்பு விழாவாம்" என்றாள் பாண்டியம்மாள். "மைக் செட்டெல்லாம் கட்டியிருக்காக."

"மேட்டுல தொட்டி ஒழுகிக்கிட்டு இருக்கவரைக்கும் எறைச்சு என்ன புண்ணியம்? ஒச்சு, பக்கீர் கடையில ஒரு நிமிஷம் நிறுத்து. ரெண்டு செம்பு வேணும். எழுத்தும் வேணும்."

*

ஸ்டேஷனில் தலைவர் நல்லகண்ணு வெள்ளை வேட்டியும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் வீரணனைக் கையோடு விழாவுக்குக் கூட்டிப் போக வந்திருந்தார். மேஜைமேல் விழா நோட்டீஸ் கிடந்தது. அதில் நல்லகண்ணு என்ற பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் சுருளியாண்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகில் தடிப்புகள் இருந்தன.

சுகிர்தம் இரண்டு படங்களையும் விரித்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். லத்திபாவும் சொன்னாள். வீரணன் தொப்பியைச் சுழற்றியபடி கேட்டார். பாதி நேரம் கண் தலைவர் மேல் இருந்தது.

நல்லகண்ணு சிரித்தார். "பச்சைப்புள்ள. மொதல்ல ஒரு படம் குடுத்துச்சு, அதுதான் சரின்னுச்சு. இப்ப இன்னொண்ணு, இதுதான் சரிங்குது. நாளைக்கு மூணாவது வரும். திராட்சையாவது கூடையாவது, நான் இந்தப் பொண்ணைப் பாக்கவே இல்ல. மந்தைக்குளத்துத் தண்ணி தேனு! இவன் ஊத்துன மருந்தைத்தான் எறைச்சாச்சே. ஊசிக்கரடுதான் நஞ்சு. நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா இன்ஸ்பெக்டர்?" இப்படியே ஆரம்பித்து, சங்கத்துக்குத் தன் தகப்பனார் நட்ட முதல் கொடி வரைக்கும் போய், திரும்பி வருவதற்குள் நாக்கு வறண்டு போனது. "ஏலே, யாருடா அங்கன? தண்ணி கொண்டா."

கான்ஸ்டபிள் அசைவதற்குள் ஒச்சாண்டி இரண்டு செம்புகளைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டிலும் ஈரம் காயாத பெயிண்ட் எழுத்து. ஒன்றில் மந்தைக்குளம் என்று செம்பைச் சுற்றிக் கொட்டை எழுத்து. மற்றதில் ஊசிக்கரடு என்று எறும்பு அளவில்.

"ரெண்டு ஊர்த் தண்ணியும் இருக்குங்க தலைவரே. எது இஷ்டமோ குடிங்க" என்றான் பணிவாக. பணிவு அவனுக்கு இயல்பாக வரும். பத்து முதலாளியிடம் வேலை பார்த்தவன்.

நல்லகண்ணுவின் கை பெரிய எழுத்துப் பக்கம் போனது. நின்றது. எழுத்தை வாசித்தது போலப் பின்வாங்கியது. சின்ன எழுத்துச் செம்பை எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்தார். வாயைத் துண்டால் துடைத்தார். அப்புறம்தான் அறை முழுக்கத் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சின்ன எழுத்தைத் தேடிப் போன கை அது.

"நஞ்சுன்னீகளே" என்றாள் சுகிர்தம். "பக்கத்துலயே தேன் இருந்துச்சே!"

"கவனிக்காம எடுத்துட்டேன். பேச்சு மும்முரத்துல..."

"கவனிச்சீக. பெரிய எழுத்துச் செம்புக்குப் போன கை சுட்ட மாதிரித் திரும்புச்சு. திருவிழாவுக்கு முந்தி இருந்து உங்க வீட்டுப் பீப்பா ஊசிக்கரட்டுல நிறையிது, மேல வெள்ளைத் துணியோட. உங்களுக்கு மட்டும் நல்ல தண்ணி. ஊர்ப்பிள்ளைகளுக்குப் போர்டு. தெரிஞ்சே விட்டீகளே அய்யா! ஒரு வார்டு நிறைய!" அவள் மேஜையில் அறைந்ததில் இன்ஸ்பெக்டரின் தொப்பி கீழே விழுந்தது. மூன்றாவது கட்டம் இதுதான் என்று ஒச்சாண்டி மனசில் குறித்துக்கொண்டான்.

வீரணன் தொப்பியை எடுக்கவில்லை. அவர் நோட்டீஸை எடுத்து நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். "தலைவரே, இதுல என் பேரு போட்டிருக்கீக. கிணத்துத் தண்ணியை முதலில் அருந்திச் சிறப்பிப்பவர்னு."

"அது... ஒரு மரியாதைக்கு..."

"எனக்கு மொதக் குவளை. உங்களுக்கு?" வீரணன் பெரிய எழுத்துச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. தேனுதானே?"

நல்லகண்ணு செம்பைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சந்தனம் வேர்வையில் வழிந்து மூக்குக்கு வந்தது. கை வரவில்லை.

"ஒரு மடக்கு" என்றார் வீரணன். இப்போது அவர் குரலில் 'தலைவரே' இல்லை.

"எனக்கு வேணாம்..." என்று நல்லகண்ணு எழப் பார்த்தார். கான்ஸ்டபிள் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

ஒச்சாண்டி அந்தச் செம்பை எடுத்துத் தானே குடித்தான். "அய்யா பயப்படாதீக. ரெண்டும் உங்க ஸ்டேஷன் குழாய்த் தண்ணிதான். ஜீப் ஓட்டினதுல எனக்கும் தாகம்."

*

லாக்கப்பைத் திறந்தபோது சுருளியாண்டி நன்றி சொல்லவில்லை. யாரையும் கும்பிடவில்லை. "அங்கன சனம் குடத்தோட நிப்பாகளே" என்றான். அவ்வளவுதான். நடந்து போய் ஜீப்பில் ஏறினான்.

மந்தைக்குளம் கிணற்றைச் சுற்றி வாழைமரம் கட்டியிருந்தது. குடங்கள் வரிசை பிடித்திருந்தன. மைக் செட்டில் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. தலைவர் வரக் காணோமே என்று ஆட்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வந்து இறங்கியது சுருளியாண்டி.

பாட்டு நின்றது. யாரோ கல்லை எடுத்தார்கள். எடுத்தது ஒருவர், எறிந்தது மூவர். ஒன்று ஒச்சாண்டியின் தோளில் பட்டது. அவ்வளவு பெரிய இலக்கை யாரும் தவறவிட முடியாது. சுகிர்தம் போர்டு, படம், தலைவர் என்று கத்தினாள். லத்திபாவும் கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. ஸ்டேஷன் நம்பினால் ஊரும் நம்பிவிடுமா?

சுருளியாண்டி நேராகப் போய்க் கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"நான் ஊத்தல" என்றான். "நீங்க என்னை நம்பவேணாம். அடிக்கணும்னாலும் அடிங்க. ஆனா இதைக் குடிக்காதீக. மேட்டுத் தொட்டி ஒழுகி இதுலதான் எறங்குது. உங்க தலைவர் வீட்டுல எங்க தண்ணியத்தான் குடிக்காக. சந்தேகம்னா அவுக வீட்டுப் பீப்பாவைப் போய்ப் பாருங்க."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தலைவர் வீட்டுப் பீப்பா வண்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். முன்வரிசையில் நின்ற சங்கிலியம்மாள் அதைப் பார்த்தாள். அவள் மகன் இன்னும் வார்டில் கிடந்தான். தகரத்தோடு வந்த அன்றைக்கு விடியலில் சுருளியாண்டியை முதலில் அடித்ததும் அவள்தான்.

"ஏலே வண்டி, நெசமா?" என்றாள்.

வண்டிக்காரன் குனிந்த தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

சங்கிலியம்மாளின் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. "அப்ப நாங்க எதைக் குடிக்கிறது?" என்று யாரிடமென்றில்லாமல் கேட்டாள். அது கோபமா அழுகையா என்று ஒச்சாண்டிக்கு விளங்கவில்லை. அவனும் கண்ணைக் கசக்கினான்; தூசி என்று சொல்லிக்கொண்டான்.

சுருளியாண்டி பாண்டியம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் சங்கிலியம்மாளின் காலடியிலிருந்த வெறுங்குடத்தைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊசிக்கரட்டுப் பாதையில் நடந்தாள். இரண்டடி நடந்து, "வாங்களேண்டி!" என்று கத்தினாள். "வந்து தொலைங்க!"

குடங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நடக்க முடியாத கிழவிகளை ஜீப்பில் ஏற்றினான் ஒச்சாண்டி. சுகிர்தம் இடம் விட்டு இறங்கி நடந்தாள்.

ஊசிக்கரட்டுக் கிணற்றில் பாண்டியம்மாள்தான் முதல் வாளி இறைத்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வாய் வழியே வந்தது. சங்கிலியம்மாளின் குடத்தில் ஊற்றிக்கொண்டே அவளைத் திட்டினாள், அவள் கையைத் திட்டினாள், அவள் ஊரைத் திட்டினாள், அந்த ஊருக்கு ரோடு போட்டவனைத் திட்டினாள். குடம் நிறைந்ததும் ஒரு கை கொடுத்து அவள் தலைக்குத் தூக்கிவிட்டாள். அடுத்த குடத்தை இழுத்தாள். அடுத்தவளை ஆரம்பித்தாள். இருட்டும்வரை வசவும் நிற்கவில்லை, வாளியும் நிற்கவில்லை.